நாட்பட்ட நாரி (கீழ்முதுகு) வலிக்கு மருத்துவக் கஞ்சா உதவுமா?

எசன்வாசி:
வணக்கம் உறவுகளே. ஜெர்மனியில் எங்களுடன் வசிக்கும் அப்பாவுக்கு 68 வயது. டிஸ்க் விலகியதால் பல ஆண்டுகளாக நாரி வலி. அது இடது காலுக்கும் இறங்குகிறது. இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கியதால் நிறுத்திவிட்டார்கள். இப்போது வலி மருத்துவர் கஞ்சாச் சாற்றுச் சொட்டு மருந்தைப் பரிந்துரைக்கிறார்; அப்பாவோ அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உண்மையில் பயன் உண்டா? அவர் இரத்தம் உறையாமலிருக்க மார்க்குமார் எடுக்கிறார், கார் ஓட்டுகிறார், ஆண்டிறுதியில் யாழ்ப்பாணம் போகவும் இருக்கிறார்.

மருந்தாளுநர்:
பயன் உண்டு, ஆனால் அளவாகத்தான். மூளையிலும் முள்ளந்தண்டிலும் வலிச் செய்திகளை அடக்கும் சிபி1 என்ற நரம்புச் செல் ஏற்பிகளில் கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டிஎச்சி செயல்படுவதால் வலியின் கூர்மை குறைகிறது. விலகிய டிஸ்க்கை அது சரிசெய்வதில்லை. நாட்பட்ட நாரி வலி உள்ள 820 பேரிடம் விஇஆர்-01 என்ற கஞ்சாச் சாற்றை ஆராய்ந்த முடிவுகள் 2025இல் வெளிவந்தன. பத்துப் புள்ளி அளவுகோலில் 12 வாரங்களில் வலி சராசரியாக 1.9 புள்ளி குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து எடுத்தவர்களைவிட இது 0.6 புள்ளி மட்டுமே அதிகம். நம்பிக்கைக்கும் காலத்துக்கும் உரிய பங்கைக் கழித்தால் மருந்தின் பங்கு சிறியது என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயினும் காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் இதற்கான சான்றுகள் சற்று வலுவானவை என்பதால், உங்கள் மருத்துவர் இதை யோசித்ததில் வியப்பில்லை.

எனக்கு உறுத்துவது மார்க்குமார்தான். அதே வகையைச் சேர்ந்த வார்ஃபரினுடன் கஞ்சா மருந்து சேர்ந்தபோது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு உயர்ந்த (அதாவது இரத்தப்போக்கு அபாயம் கூடிய) நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்யச் சொல்லுங்கள். தலைச்சுற்று பொதுவான பக்கவிளைவு. அந்த வயதில் ஒரு விழுகை போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடும். ஆகவே மிகக் குறைந்த அளவில், இரவில் தொடங்குவதே முறை.

லண்டன் தமிழன்:
இங்கே பிரித்தானியாவில் 2018 நவம்பர் முதல் நிபுணத்துவ மருத்துவர்கள் இதை எழுதித்தரச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சை தகும் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி நாட்பட்ட வலிக்கு டிஎச்சி மருந்துகளைத் தர வேண்டாம் என்கிறது. எனவே பெரும்பாலானோர் தனியார் மருத்துவ மனைகளில் பணம் கொடுத்தே பெறுகிறார்கள். கடைகளில் விற்கும், கஞ்சாவிலிருந்து எடுத்தாலும் போதை தராத சிபிடி எண்ணெயை இந்த மருந்துக்கு ஈடாக எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

எசன்வாசி:
மிக்க நன்றி. வாகனம் ஓட்டுவது பற்றி யாராவது சொல்ல முடியுமா?

மருந்தாளுநர்:
ஜெர்மனியில் 2024 ஆகஸ்ட் முதல் இரத்தச் சீரத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 3.5 நானோகிராம் டிஎச்சி என்பதே வரம்பு. மருத்துவர் எழுதித்தந்தபடி எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு; ஆனால் தடுமாற்றத்துடன் ஓட்டினால் அந்த விலக்கு காப்பாற்றாது. தொடக்க வாரங்களிலும் அளவு கூட்டும் நாட்களிலும் சாவியை நீங்களே வைத்திருங்கள். இலங்கைக்கு மட்டும் இதைக் கொண்டுபோக வேண்டாம்: மருத்துவர் தரும் பயணச் சான்றிதழ் ஐரோப்பாவின் ஷெங்கன் (உள் எல்லைச் சோதனையற்ற) நாடுகளுக்குள்தான் செல்லுபடியாகும், இலங்கையில் கஞ்சா வைத்திருப்பது குற்றம். பயணத்துக்கு எந்த மாற்று மருந்து என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மார்க்குமாரோடு பொருந்துவதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.