ரோமர் 11:26: "இஸ்ரவேலரெல்லாரும்" யார்? நாலு வாரப் பாடத்துக்கு யோசனை வேண்டும்

வேதவகுப்பு கேட்டது:

வாலிபர் கூட்டத்தில் ரோமர் 9–11 எடுக்கவேண்டும். நாலு ஞாயிறு, வாரத்துக்கு 45 நிமிஷம். வருகிறவர்களில் பாதிப்பேர் அசெம்பிளிப் பின்னணி. இஸ்ரவேல் வேறு, சபை வேறு என்று படித்து வளர்ந்தவர்கள். மீதிப்பேர் சி.எஸ்.ஐ., லுத்தரன். சபைதான் புது இஸ்ரவேல் என்று பிரசங்கத்தில் கேட்டுப் பழகியவர்கள்.

"இந்தப்பிரகாரம் இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்று 11:26-ல் பவுல் சொல்வது யூதர்களையா, சபையையா? கலாத்தியர் 6:16-ன் "தேவனுடைய இஸ்ரவேலர்" யார்? எங்கே தொடங்கினால் முதல் வாரமே மல்லுக்கட்டு வராது? எல்லார் கையிலும் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கம் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும்.

---

கூட்டெழுத்து:

பிரதர், 11:26-ல் தொடங்காதீர்கள். 9:6-ல் தொடங்குங்கள்: "இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்லவே." ஒரே வாக்கியத்துக்குள் அந்தப் பெயர் இரண்டு அர்த்தத்தில் வருகிறது. இதை முதல் வாரமே எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டால், "இஸ்ரவேல் என்றால் எப்போதும் இதுதான்" என்று யாரும் அடித்துப் பேச முடியாது. ஆனால் கவனியுங்கள், 9:6 பிரிப்பது யூதர்களுக்குள்ளேயே. ஈசாக்கு–இஸ்மவேல், யாக்கோபு–ஏசா உதாரணங்கள் அதற்குத்தான். புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவர்களை, இஸ்ரவேல் என்று அங்கே அழைக்கவில்லை.

அடுத்து ஒரு தாளில் கோடு போட்டு, கிரேக்கத்தில் "இஸ்ரவேல்" என்ற பெயர் வரும் இடங்களை எழுதச் சொல்லுங்கள். மொத்தம் 11: 9:6-ல் இரண்டு, 9:27-ல் இரண்டு, 9:31, 10:19, 10:21, 11:2, 11:7, 11:25, 11:26. தமிழில் எண்ணினால் கூடுதலாக வரும். 10:1-ல் நம் பைபிள் "இஸ்ரவேலர்" என்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளில் அங்கே "அவர்கள்" என்றுதான் இருக்கிறது. 9:4, 11:1 இரண்டிலும் இருப்பது "இஸ்ரவேலன்" என்ற வேறு சொல். இதைச் சொல்லாமல் விட்டால் எண்ணிக்கை ஒத்துவராமல் பத்து நிமிஷம் வீணாகும்.

பட்டியல் கையில் இருந்தால் 11:25 தானாகவே பேசும். "இஸ்ரவேலரில் ஒரு பங்குக்குக் கடினமான மனது", எதிரே "புறஜாதியாருடைய நிறைவு". இங்கே இஸ்ரவேல் யூதர்கள்தான், தப்பிக்க வழியில்லை. அடுத்த மூச்சில், 26-ல், அதே சொல் சபையாக மாறுகிறது என்பவர் ஆதாரம் காட்டவேண்டும். சீர்திருத்தத் தலைவர் கால்வின் அப்படித்தான் எடுத்தார்: யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த தேவஜனம் முழுவதும். இருக்கிற விளக்கங்களில் இதுதான் பலவீனமானது என்பேன்.

இன்னொன்று, எல்லாக் காலத்திலும் இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்பட்ட யூதர்களின் மொத்தத் தொகை என்பது. ஹென்ட்ரிக்சன் போன்ற சீர்திருத்தப் பாரம்பரிய ஆசிரியர்கள் இதைச் சொல்வார்கள். இதற்கு எதிர்க்கேள்வி: தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இரட்சிக்கப்படுவதில் 11:25 சொல்லும் "இரகசியம்" என்ன? அவர்கள் பதில்: இரகசியம் அது நடக்கும் விதத்தில் இருக்கிறது. வசனம் "அதற்குப் பின்பு" என்று தொடங்கவில்லை, "இந்தப்பிரகாரம்" என்றுதான் தொடங்குகிறது. கிரேக்கச் சொல் ஹூட்டோஸ். நம் மொழிபெயர்ப்பு அதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனாலும் 25-ல் "உண்டாகும்வரைக்கும்" என்று இருப்பதால் கால வரிசை முழுதாக மறைந்துவிடவில்லை. அதனால்தான், புறஜாதியாரின் நிறைவுக்குப் பிறகு யூதர்கள் திரளாகத் திரும்புவார்கள் என்ற வாசிப்புக்குப் பலம் அதிகம்.

"எல்லாரும்" என்பதை ஒருவர் விடாமல் என்று எடுக்கவேண்டியதில்லை. 1 இராஜாக்கள் 12:1-ல் இஸ்ரவேலர் எல்லாரும் சீகேமுக்கு வந்தார்கள். வீட்டில் ஒரு கிழவிகூடத் தங்கவில்லை என்று யாரும் வாசிப்பதில்லை. யூத ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் சனெத்ரீன் 10:1 "எல்லா இஸ்ரவேலுக்கும் வரும் உலகில் பங்கு உண்டு" என்று சொல்லிவிட்டு, உடனே பங்கு இல்லாதவர்களின் பட்டியலைப் போடுகிறது.

---

சுருள்:

மேலே சொன்னதோடு வரலாற்றுத் திருத்தம் இரண்டு. இல்லாவிட்டால் வகுப்பு முத்திரை குத்துவதிலேயே முடிந்துவிடும்.

"சபைதான் இஸ்ரவேல் என்பவர்கள் எல்லாம் யூதர்களைக் கைவிட்டவர்கள்" என்று அசெம்பிளிப் பிள்ளைகள் சொல்வார்கள். அது சரியல்ல. யூதர்கள் கடைசியில் கிறிஸ்துவிடம் திரும்புவார்கள் என்று அகஸ்டின் 'தேவனுடைய நகரம்' 20-ம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உடன்படிக்கை இறையியலின் (தேவஜனம் எக்காலத்திலும் ஒன்றே என்ற கொள்கை) தாய்வீடான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையில் 191-ம் கேள்வியைப் பாருங்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கும்போது யூதர்கள் அழைக்கப்படவும் புறஜாதியாரின் நிறைவு உள்ளே வரவும் ஜெபிக்கிறோம் என்கிறது. 1640-களில் எழுதியது.

எதிர்ப்பக்கம், "டிஸ்பென்சேஷனலிசம் (இஸ்ரவேல் வேறு, சபை வேறு என்ற கொள்கை) 1948-ஐப் பார்த்து எழுதினது" என்பார்கள். அதுவும் தப்பு. அந்தக் கொள்கையை வகுத்த டார்பி இறந்ததே 1882-ல். அதைப் பரப்பிய ஸ்கோஃபீல்ட் குறிப்புரை பைபிள் வந்தது 1909-ல், அதாவது இஸ்ரேல் நாடு உருவாவதற்கு 39 வருஷம் முன்னால். அந்தக் கொள்கையைக் குறைசொல்ல வேண்டுமானால் வேதவசன அடிப்படையில் சொல்லுங்கள், தேதியை வைத்து வேண்டாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் யாராவது வந்தால்: 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, பிற மதங்களைப் பற்றிய 'நொஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கையின் 4-ம் பகுதி ரோமர் 11-ன் ஒலிவமரத்தைத்தான் எடுத்துக்கொண்டு, யூதர்கள் தேவனால் தள்ளப்பட்டவர்கள் என்று காட்டக்கூடாது என்றது. அதே பத்தி சபையைத் தேவனுடைய புது ஜனம் என்றும் சொல்கிறது. இரண்டையும் வாசியுங்கள், ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள்.

யூதர்களுக்குக் கிறிஸ்து இல்லாமலே தனி வழி உண்டு என்று சிலர் எடுப்பார்கள். 10:18 முதல் 11:36 வரை கிறிஸ்துவின் பெயரே வரவில்லை என்று வேத அறிஞர் ஸ்டெண்டால் கவனித்தது உண்மைதான். ஆனால் 9:1–3-ல் பவுல் தன் ஜனத்துக்காக அழுததும், 11:23-ல் "அவிசுவாசத்திலே நிலைத்திராவிட்டால்" என்றதும் அந்த முடிவுக்கு இடம் கொடுக்கவில்லை.

---

பெத்தானியா:

இதுவரை பேசினவர்கள் உடன்படிக்கைப் பக்கம் சாய்ந்தே பேசுகிறீர்கள். எங்கள் டிஸ்பென்சேஷனலிசப் பக்கம் கொஞ்சம்.

கலாத்தியர் 6:16: "அவர்கள்மேலும், தேவனுடைய இஸ்ரவேலர்மேலும்". இரண்டு 'உம்', கிரேக்கத்திலும் "மேல்" என்பது இரண்டு தடவை. இயல்பாக வாசித்தால் இரண்டு கூட்டம். சபைதான் இஸ்ரவேல் என்றாக்க, நடுவில் உள்ள 'கை' என்ற இணைப்புச் சொல்லை "அதாவது" என்று திருப்பவேண்டும். அது இலக்கணத்தில் நடக்கும், ஆனால் அரிது. பவுல் வேறெங்கும் புறஜாதி விசுவாசிகளை இஸ்ரவேல் என்று அழைத்ததில்லை. சபையை வெளிப்படையாக உண்மையான இஸ்ரவேல் என்று எழுதினவர் இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், திரீஃபோ என்ற யூதருடன் நடந்த உரையாடலாக எழுதிய நூலில்.

எங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எரேமியா 31:31 புது உடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் என்கிறது; எபிரெயர் 8 அதை விசுவாசிகளுக்கு எழுதும் நிருபத்தில் அப்படியே எடுக்கிறது. இதைச் சமாளிக்க எங்கள் பக்கத்து இறையியலாளர் சேஃபர், இஸ்ரவேலுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என இரண்டு புது உடன்படிக்கைகள் என்றார். அது நிற்கவில்லை. 1990-களில் பிளேசிங்கும் பாக்கும் முன்வைத்த முற்போக்கு டிஸ்பென்சேஷனலிசம், ஒரே புது உடன்படிக்கை இப்போதே தொடங்கிவிட்டது, தேசமாக இஸ்ரவேலுக்கான பங்கு இன்னும் மீதி இருக்கிறது என்று மாற்றியமைத்தது.

---

கூட்டெழுத்து:

பெத்தானியா சொன்ன இலக்கணம் சரி. ஒன்று சேர்க்கிறேன்: 6:15 "விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுமில்லை". இதைத்தான் 16 "இந்தப் பிரமாணம்" என்கிறது. அந்த வரிக்கு அடுத்த வரியில் இனப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்து ஆசீர்வதித்தால் ஆறு அதிகார வாதமும் சறுக்கும். இலக்கணம் ஒரு பக்கம் இழுக்கிறது, நிருபத்தின் ஓட்டம் மறுபக்கம். வகுப்பில் இதைத் தீர்க்காதீர்கள், இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு நகருங்கள். இந்த ஒரு வசனத்தின்மேல் முழுக் கொள்கையையும் கட்டுவதுதான் தவறு.

இதைவிட உபயோகமான பயிற்சி ஒன்று: ஆமோஸ் 9:12-ஐயும் அப்போஸ்தலர் 15:17-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆமோசில் "ஏதோமில் மீதியானவர்களை" சுதந்தரிப்பது. அப்போஸ்தலரில் பேசும் யாக்கோபு (ஏசாவின் தம்பி அல்ல, எருசலேம் சபைத் தலைவர்) வாயில் "மற்ற மனுஷர்" கர்த்தரைத் தேடுவது. எபிரெயத்தில் ஏதோம், ஆதாம் (மனுஷன்) இரண்டுக்கும் மெய்யெழுத்துகள் கிட்டத்தட்ட ஒன்று. யாக்கோபு போவது பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழி. தாவீதின் கூடாரம் எடுப்பிக்கப்படுவதை அவர் புறஜாதியார் உள்ளே வருவதோடு சேர்க்கிறார். முழு நிறைவேற்றமா, முதல் தவணையா? இரண்டு கட்சியும் பிரிவது சரியாக இந்த இடத்தில்தான்.

---

வேதவகுப்பு:

மூன்று பேருக்கும் நன்றி. தேச வாக்குத்தத்தம், அதாவது ஆபிரகாமின் சந்ததிக்குத் தேவன் வாக்களித்த நிலம் பற்றிய கேள்வி, வந்தே தீரும். செய்தி பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அதற்கு என்ன செய்வது?

---

சுருள்:

நாலாம் வாரம் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளுங்கள். முன்னால் விட்டால் பாடம் திரும்பி வராது. நான் பிரிப்பது: முதல் வாரம் 9:1–29, இரண்டாவது 9:30–10:21, மூன்றாவது 11:1–24, நாலாவது 11:25–36. பலரும் இரண்டாவது வாரத்தை விழுங்கிவிடுகிறார்கள். அங்கேதான் இஸ்ரவேல் ஏன் இடறியது என்ற காரணம் இருக்கிறது. அது போனால் 11 வெறும் தீர்க்கதரிசன அட்டவணை ஆகிவிடும்.

தேசத்துக்கு மூன்று வசனம் போதும். ஆதியாகமம் 17:8 "நித்திய சுதந்தரம்". யோசுவா 21:43–45, சொன்னதெல்லாம் நிறைவேறிற்று என்பது. ரோமர் 4:13, ஆபிரகாம் "உலகத்தை" சுதந்தரிப்பான் என்பது. ஒருவர் முதலாவதைப் பிடிப்பார், ஒருவர் மூன்றாவதை. 9:4–5-ன் பட்டியலில் தேசம் பெயர் சொல்லி இல்லை. ஆனால் "வாக்குத்தத்தங்கள்" இருக்கிறது. இதில் எந்த முடிவுக்கு வந்தாலும், இன்றைய அரசு ஒன்று செய்வதெல்லாம் நியாயம் என்று அதிலிருந்து நேராக வராது. நித்திய சுதந்தரம் என்று சொன்ன அதே வேதத்தில் ஆமோஸ் அந்த ஜனத்தையே கண்டிக்கிறான்.

மூன்றாவது வாரத்துக்கு ஒலிவமரத்தைப் படமாகப் போடுங்கள். மாங்கன்றுக்கு நாம் செய்வது என்ன? நாட்டு மாங்கொட்டை முளைத்த கன்று அடியில், நல்ல ரகக் கொம்பு மேலே. கனி கொம்பின் ரகம். பவுல் சொல்வது தலைகீழ்: நல்ல மரத்தில் காட்டுக் கொம்பு. தெரியாமல் எழுதவில்லை, 11:24-ல் "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று அவரே ஒத்துக்கொள்கிறார். படம் வரையும்போது இரண்டு பிழை வரும். ஒரு கூட்டம் பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புது மரம் வரையும். இன்னொரு கூட்டம் பக்கத்தில் இரண்டாவது மரம் நடும். வசனத்தில் மரம் ஒன்றுதான்; சில கொம்புகள் முறிந்திருக்கின்றன, சில ஒட்டியிருக்கின்றன, முறிந்தவை மறுபடி ஒட்டப்படலாம். வேரில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். 11:28-ல் இருக்கிறது: பிதாக்கள்.