கொட்டிட்டா பாரம் இறங்கிடுமா? கறுப்பினப் பெண்களும் தெரபியும்

கதிர்_78:
நேத்து வேற இழையில ஒருத்தர் எழுதினது: "அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தெரபிக்குப் போய் அடக்கி வெச்சதைக் கொட்டிட்டா போதும், பாரம் இறங்கிடும்." எரிச்சலா வருது. 2019ல அமானி ஆலன்ங்கற ஆய்வாளரோட குழு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துல 208 கறுப்பினப் பெண்களை ஆராய்ஞ்சாங்க. இனப்பாகுபாடு உடம்பைத் தேய்ஞ்சுபோக வைக்கறதுக்குத் துணைபோனது ரெண்டு: ஜெயிச்சே ஆகணும்கற வேகம், ஊருக்கெல்லாம் உழைக்கற கடமை. உணர்ச்சியை அடக்கறது காத்துச்சு. காத்துச்சுங்க!

தேன்மொழி:
அந்தக் கணக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி உடம்பு எண்களோடது. மனச்சோர்வு பத்தி இல்ல. அதை வெச்சு "காத்துச்சு"ன்னு கூவாதீங்க.

கதிர்_78:
உடம்பு மனசுல சேத்தி இல்லையா மேடம்? வேலையிடத்துல அவ குரல் கொஞ்சம் உசந்தா "கோபக்காரக் கறுப்பி"ன்னு முத்திரை குத்தறாங்க. அங்க அடக்கறதுதான் கவசம். தெரபியில முதல் நாளே அதைக் கழட்டச் சொன்னா அடுத்த வாரம் வரமாட்டா.

பழைய_வாசகன்:
அடக்கறதுன்னா எது? வெளிய காட்டாததா, தனக்கே தெரியாமப் புதைக்கறதா? அப்புறம், தெரபி எதுக்கு? உளச்சிகிச்சைன்னு தமிழ் இருக்கே.

கதிர்_78:
போன மாசமும் நீங்க சொல்லைத்தான் திருத்தினீங்க, விஷயத்துக்கு வரல. தெரபியில குறைக்க வேண்டியது அடுத்தவங்களுக்காக அவ செய்யற வேலையை. ரெண்டு வாரம் அவ தாள்ல நாலு கட்டம் போட்டு எழுதணும்: என்ன செஞ்சா, யாருக்கு, கேட்டாங்களா கேக்காமலே செஞ்சாளா, முடிச்சப்ப உடம்பு எப்படி. அதுல, விட்டா நஷ்டம் கம்மியான ஒண்ணை எடுக்கணும். சர்ச்சுல ஞாயித்துக்கிழமை சமையல்னு வைங்க. "இந்த வாரம் என்னால முடியாது." அவ்வளவுதான், காரணம் சொல்லக் கூடாது. கார் இல்லன்னு சொன்னா, கார் எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. சொல்றதுக்கு முன்ன என்ன பயம்னு எழுதணும், வாரம் கழிச்சு என்ன நடந்துச்சுன்னு பக்கத்துலயே எழுதணும்.

தேன்மொழி:
தாள் சரி. ஆனா மறைக்கறவ எதை எழுதுவா? மனச்சோர்வுக்கான 9 கேள்வித் தாள்ல "சோகமா இருக்கா"வுக்கு 0 போடுவா. தூக்கம், அசதி ரெண்டுலயும் 3 போடுவா, மத்ததுல 0. மொத்தம் 6. மனச்சோர்வா இருக்கலாம்னு கவனிக்க 10 வேணும். தெரபிஸ்ட் "எவ்வளவு திடமா இருக்கீங்க"ன்னு பாராட்டி அனுப்பிடுவார். அந்தப் பாராட்டுதான் விஷம். அடுத்த தடவை அதைக் காப்பாத்தத்தான் வருவா. 2010லயே செரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பேங்கற ஆய்வாளர், எல்லாத்தையும் தாங்கற கறுப்பினப் பெண்ணோட 'சூப்பர்வுமன்' மனப்பாங்குக்குச் சொன்ன அஞ்சு கூறுல அடக்கறதும் ஒண்ணு, அந்த மனப்பாங்குல சுமையும் இருக்குன்னு சொன்னார்.

கதிர்_78:
சுமைன்னார், சரி. 2019ல அளந்தப்ப காத்துச்சு.

தேன்மொழி:
ஒரு தடவை அளந்தா காரணம் எது, விளைவு எதுன்னு தெரியுமா?

பழைய_வாசகன்:
என் கேள்விக்கு ரெண்டு பேரும் பதில் சொல்லல.

கதிர்_78:
உங்களுக்கு உளச்சிகிச்சைன்னே எழுதறேன், போதுமா? மேடம், அமெரிக்க உளவியலாளர்கள்ல கறுப்பினத்தவர் நூத்துக்கு அஞ்சு பேர் கணக்குதான். உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014ல கறுப்பினப் பெண்களுக்காக ஆரம்பிச்ச 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' இணையதளத்துல தெரபிஸ்ட் பட்டியல் இருக்கறது அதுக்குத்தான். எதிர்ல இருக்கறவங்களுக்கு அந்த முத்திரையோட வலி தெரியலன்னா, அடக்கறது அந்த அறைக்குள்ளயும் கவசம்தான்.

தேன்மொழி:
50 நிமிஷம் கவசத்தோட உக்காந்துட்டு எழுந்து போறதுக்கா காசு கட்டறா?

கதிர்_78:
காத்துச்சு மேடம். ஆய்வை முழுசாப் படிச்சுட்டு வாங்க.