சட்டைத் தையலில் இருக்கும் ரேடியோ டேக், வீட்டுக்கு வந்த பிறகும் வேலை செய்யுமா?

குடந்தைவாசி:
சென்ற மாதம் தங்கை மகளின் வளைகாப்புக்காகத் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் துணி எடுத்தோம். பில் போடும் பெண் ஒவ்வொன்றாகப் பார்கோடு காட்டவில்லை. பதினோரு உருப்படிகளையும் மொத்தமாக மேசைமேல் வைத்ததும் பட்டியல் திரையில் வந்துவிட்டது. வழக்கம்போல் கைப்பேசி எண் கேட்டார், நானும் வழக்கம்போல் சொன்னேன். வீட்டில் பேரன் என் சட்டையின் உட்தையலில் இருந்த வெள்ளை நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, சிக்குக்கோலம் போல நெளிந்த உலோகக் கோடுகளும் நடுவில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளியும் தெரிந்தன. இந்தச் சட்டையோடு நான் வேறு கடைக்குள் நுழைந்தால், நான் இன்னார் என்று அவர்கள் அறிய முடியுமா?

ஸ்டாக்காரர்:
ஆயத்த ஆடைக் கிடங்கில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாக் பார்க்கிறேன், ஐயா. நீங்கள் பார்த்தது பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக், அதாவது ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காட்டும் சில்லு. டேகைப் படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேகும் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இதே அலைவரிசைதான். மறைப்பில்லாத இடத்தில் சில மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம், ஆனால் உடம்பு அலையை விழுங்குவதால் உடுத்திய சட்டையில் அந்தத் தூரம் வெகுவாகக் குறையும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் பார்த்து ‘சன்ன ரகம்’ என்று மட்டும் சொல்வதுபோல, பார்கோடு ரகத்தைச் சொல்வதோடு நின்றுவிடும். டேகில் உள்ள தனி எண்ணோ, அது எந்த மூட்டை என்பதையே சொல்லும். ஒரே அளவு, ஒரே நிறச் சட்டைகள் இரண்டுக்கும் வெவ்வேறு எண். தீபாவளிக்கு முன் மூன்று நாள் எண்ணிய ஸ்டாக்கை இப்போது ஒரே இரவில் முடிக்கிறோம். உங்கள் பெயர் டேகில் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சட்டையைப் பார்த்துப் பயப்படுவது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது.

மாயவரம் நுகர்வோர்:
கைப்பேசியை அணைத்து வைக்கலாம், நண்பரே. டேகை அணைக்கும் பொத்தான் நம்மிடம் இல்லை. மேலும், பெயர் டேகில் இல்லை என்பது பாதி விடைதான், ஏனெனில் அது கடைக் கணினியில் இருக்கிறது. பில் போட்ட அந்த நொடியில் பதினோரு தனி எண்களும் உங்கள் கைப்பேசி எண்ணும் ஒரே பதிவில் முடிச்சுப் போடப்படுகின்றன. பிறகு அதே நிறுவனத்தின் இன்னொரு கிளை வாசலில் ரீடர் இருந்தால், நீங்கள் வாய் திறக்காமலே, சட்டை உங்களை அடையாளம் காட்ட வழியுண்டு. வேறு கடைக்காரருக்கு அது வெறும் எண்தான். ஆனாலும் அதே எண் மறுபடி வந்தால் ‘போன வாரம் வந்தவர்’ என்று அவரும் குறித்துக்கொள்ளலாம். இங்கே எந்தக் கடையாவது இப்படிச் செய்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை.

இது புதிய கவலையும் அன்று. 2003இல் இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டனின் ஆடைகளில் டேக் தைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும் நுகர்வோர் புறக்கணிப்பு கிளம்பியது, திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஜெர்மனியில் மெட்ரோ என்ற சில்லறை வணிக நிறுவனம் வாடிக்கையாளர் அட்டைக்குள்ளேயே டேக் வைத்திருந்தது வெளியாகி, அட்டைகளைத் திரும்பப் பெற்றது. வாங்குபவர் சம்மதித்தாலொழிய விற்கும் இடத்திலேயே டேகைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் 2009ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதற்கான ‘கில்’ கட்டளை டேகின் தரநிர்ணயத்திலேயே இருக்கிறது. கடைக்காரர் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டேகைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் பெற்றார்களோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. கைப்பேசி எண் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. வற்புறுத்தினால் 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

குடந்தைவாசி:
மிக்க நன்றி. நேற்று வேறொரு கடையில் எண் தரவில்லை. பில் தடையின்றி வந்தது, பின்னால் நின்றவர்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டேகைக் கத்தரித்துவிட்டால் துணியை மாற்றித் தருவார்களா?

ஸ்டாக்காரர்:
மாற்றும் கெடு பில்லின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். அதுவரை விட்டுவைத்துவிட்டுப் பிறகு தையலோரமாகக் கத்தரியுங்கள். துவைத்தால் செயலிழக்கும் என்று நம்ப வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள், துணி தீப்பிடிக்கும்.