நம்ம வீடு குரூப்: கொலு படம் ஆடாம வரணும்

தம்பி: (படம்)

தம்பி: சித்தி வீட்டு கொலு, இப்பதான் எடுத்தேன். பெருசாக்கிப் பாத்தா ஒண்ணுமே ஷார்ப்பா இல்ல. கேனான் 1500டி கேமரா, அதோட கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். ஜூம் 55 எம்எம், அப்பர்ச்சர் (வெளிச்சம் வர்ற துவாரம்) எஃப் 5.6, ஷட்டர் 1/20 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை ஏத்திக் காட்டற அளவு) 1600. நாளைக்கு சாயந்தரம் எல்லாரும் பாட வர்றாங்க, அதுக்குள்ள சரி பண்ணணும்

சித்தி: எனக்கு நல்லாத்தான் தெரியுது

திருச்சி மாமா: போன்ல சின்னதா பாக்குறப்ப அப்படித்தான்மா தெரியும். பிரிண்ட் போட்டு பிரேம் மாட்டினா தெரிஞ்சிடும்

திருச்சி மாமா: டேய், அந்த சீரியல் பல்பை மட்டும் பெருசாக்கிப் பாரு. ஒவ்வொரு புள்ளியும் எப்படி இருக்கு?

தம்பி: புள்ளியா இல்ல மாமா, சின்னச் சின்ன கோடா இருக்கு. எல்லாம் வலது பக்கம் சாஞ்சு

திருச்சி மாமா: அப்ப கை ஆடியிருக்கு. எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமா இழுத்துருந்தா கை ஆட்டம். புள்ளி புள்ளியாவே இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தா, அசைஞ்சது ஆளு. முன்னாடி பல்ப் எல்லாம் வட்டமா ஊதிப்போய் பின்னாடி சுவர் தெளிவா இருந்தா போகஸ் அங்க போயிடுச்சு. என்ன ஆச்சுன்னு தெரியாம செட்டிங்கை மாத்தாத

அக்கா: இதுல ரெண்டு இருக்கு மாமா. பாப்பா விரலைப் பாருங்க, தேய்ச்ச மாதிரி இருக்கு. அது அவ அசைஞ்சது

அக்கா: லென்ஸ் பக்கவாட்டுல, கை ஆட்டத்தைச் சமாளிக்கற ஸ்டெபிலைசர் ஸ்விட்ச் எதுல இருக்குடா?

தம்பி: ஆஃப்ல இருக்குக்கா

திருச்சி மாமா: ஆன் பண்ணு. அது இல்லாம 55-ல 1/20 நிக்கவே நிக்காது. கணக்கு இதுதான்: 55-ஐ 1.6-ஆல பெருக்கு, அந்த கேமரா சென்சார் சின்னது இல்லையா, 88 வரும். ஷட்டர் 88-ல ஒரு பங்கு நொடியை விட வேகமா இருக்கணும், அப்ப குறைஞ்சது 1/100. 24-ல எடுத்தா 38 வரும், 1/40 போதும். ஸ்டெபிலைசர் இருந்தா அதுக்குக் கீழயும் இறங்கலாம்

தம்பி: அப்ப ஸ்டெபிலைசரை ஆன் பண்ணிட்டா எல்லாத்துக்கும் 1/20 போதுமா?

அக்கா: பொம்மைக்குப் போதும், பாப்பாவுக்குப் போதாது. அது உன் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும். ஆள் அசையறத நிறுத்த ஷட்டர் ஒண்ணுதான் வழி. உக்காந்து பாடறவங்களுக்கு 1/100, குழந்தைங்க ஓடினா 1/250

தம்பி: கிட் லென்ஸ்ல 1/125 வச்சா ஐஎஸ்ஓ 12800 கேக்குது

திருச்சி மாமா: கேக்கத்தான் செய்யும். உன்கிட்ட 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இருக்குல்ல, ஆளுங்களுக்கு அதை மாட்டு. எஃப் 5.6-ஐ விட எஃப் 1.8-ல கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும். இதே வெளிச்சத்துல எஃப் 2.2, 1/125, ஐஎஸ்ஓ 1600. முடிஞ்சது

தம்பி: அப்ப கொலுவையும் 50-லயே எடுத்துடலாமே

திருச்சி மாமா: வேணாம். அங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. முதல்ல, அந்த ஹால்ல 50 போட்டா அஞ்சு படியும் உள்ள அடங்காது. அடுத்தது, எஃப் 1.8-ல மூணு மீட்டர் தள்ளி நின்னாலும் தெளிவா வர்ற ஆழம் கால் மீட்டர்தான். ஒரு படி தெளிவா இருக்கும், மேல இருக்கற கலசமும் கீழ இருக்கற செட்டியாரும் மங்கிடும்

திருச்சி மாமா: கொலுவுக்கு கிட் லென்ஸ்தான் சரி. 24 எம்எம், எஃப் 4, 1/25, ஐஎஸ்ஓ 1600, ஸ்டெபிலைசர் ஆன். ரெண்டரை மீட்டர்ல நின்னு நடுப்படில போகஸ் வை. அஞ்சு படியும் வந்துடும். பொம்மை அசையப் போறதில்ல, 1/25 பத்தி பயம் வேணாம்

சித்தி: பிளாஷ் போட்டா ஒரே வேலையா முடியாதா?

அக்கா: கேமராவோட சேர்ந்த பிளாஷ் நேரா மூஞ்சியில அடிக்கும் சித்தி. களிமண் பொம்மை பெயிண்ட் பளபளன்னு வெள்ளையா வெடிச்சிடும், பின்படில கறுப்பா நிழல் விழும், சீரியல் லைட் அழகு மொத்தமும் போயிடும். பிளாஷை மூடியே வைக்கட்டும்

திருச்சி மாமா: நீ ஒரு உதவி பண்ணும்மா. ஹால் டியூப் லைட்டை அணைச்சிட்டு, ரெண்டு 9 வாட் மஞ்சள் எல்இடி பல்பை பாடறவங்களுக்குப் பக்கவாட்டுல தலை உயரத்துல வை. டியூப் நீலமா, சீரியல் மஞ்சளா ரெண்டு நிறம் கலந்தா மூஞ்சில ஒரு பக்கம் செத்த நிறமா வரும், பின்னாடி திருத்தவும் முடியாது. பல்ப் இருக்கற தூரத்தைப் பாதியாக்கினா வெளிச்சம் நாலு மடங்கு. கேமராவுல எதைத் திருப்பினாலும் இவ்வளவு சுலபமா கிடைக்காது

சித்தி: டேபிள் லேம்ப் ரெண்டு இருக்கு, அதுல மாட்டிடறேன்

தம்பி: இப்ப ஏவி மோடுல, அப்பர்ச்சரை மட்டும் நான் வைக்கறதுல, இருக்கேன். மாத்தணுமா?

திருச்சி மாமா: எம்-க்கு வா, அது எல்லாத்தையும் நீயே வைக்கற மேனுவல் மோடு. ஏவில ஷட்டரை கேமராவே முடிவு பண்ணும், அதான் சத்தமில்லாம 1/20-க்கு இறங்கியிருக்கு. எம்-ல மேல இருக்கற சக்கரம் ஷட்டர். ஏவி பட்டனை அழுத்திக்கிட்டே அதே சக்கரத்தைச் சுத்தினா அப்பர்ச்சர். ஐஎஸ்ஓவையும் ஆட்டோல விடாத, நீயே வை

தம்பி: வெளிச்சம் காட்டற மீட்டர் முள்ளு நடுவுல நிக்கணுமா?

அக்கா: கொலுவுக்கு நடுவுல நிறுத்தாதடா. படில வெள்ளை வேட்டி விரிச்சிருக்கு, மேல பல்ப் வேற. கேமரா ‘வெளிச்சம் ஜாஸ்தி’ன்னு நினைச்சுக்கும், பொம்மை எல்லாம் கறுத்துடும். முள்ளு +2/3-ல இருக்கட்டும். மாமா சொன்ன எஃப் 4, 1/25, 1600 கிட்டத்தட்ட அங்கதான் வரும்

தம்பி: ஐஎஸ்ஓ 3200 போனா படம் முழுக்க நாய்ஸ், புள்ளி புள்ளியா வராதா?

திருச்சி மாமா: வரும், வரட்டும். பிரிண்ட்ல பாதி தெரியாது. ஆடின படத்தை யாராலயும் காப்பாத்த முடியாது. 800-ல இருட்டா எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தினா, 3200-ல சரியா எடுத்ததை விட நிழல் பக்கம் மோசமாத்தான் இருக்கும். ரா-வும் (பின்னாடி திருத்த வசதியான மூலப் படம்) ஜேபெக்கும் சேத்து எடு. நாய்ஸ் குறைக்கற செட்டிங்கை ரொம்ப ஏத்திடாத, பட்டுப்புடவை ஜரிகையை எல்லாம் மெழுகிடும்

தம்பி: 1/125-ல ஒரு டெஸ்ட் எடுத்தேன். படத்துல குறுக்கால மங்கலா ஒரு பட்டை

அக்கா: எல்இடி மினுக்கல். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். 1/100 வச்சா ஒரு முழு மினுக்கல் உள்ள வந்துடும், பட்டை போயிடும். 1/50, 1/25-ம் அதே மாதிரி. குழந்தைங்களுக்கு 1/250 போறப்ப பட்டை வந்தா சீரியலை அணைச்சிட்டு டேபிள் லேம்ப் வெளிச்சத்துல எடு. அதுலயும் பட்டை வந்தா வேற பல்ப் மாட்டிப் பாரு

திருச்சி மாமா: போகஸ் பிடிக்க கேமராவுல இருக்கற ஒன்பது புள்ளியையும் அது கையில விடாத. நடுப்புள்ளி மட்டும், ஒரு தடவை பிடிச்சதும் போகஸ் அங்கயே நிக்கற ஒன் ஷாட். இருட்டுல அதுதான் நல்லாப் பிடிக்கும். கிட்ட இருக்கற கண்ணுல வை. ஆனா 50-ல எஃப் 1.8 வச்சு ஒன்றரை மீட்டர்ல நின்னா தெளிவு ஆறு சென்டிமீட்டர்தான். போகஸ் பண்ணிட்டு நீ லேசா முன்னாடி சாஞ்சாலே கண்ணு போய் காது தெளிவா இருக்கும். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200

அக்கா: முழங்கை ரெண்டும் விலாவுல ஒட்டியிருக்கணும், இடது கை லென்ஸுக்கு அடியில. தூண்ல சாஞ்சுக்கோ. மூச்சை விட்டுட்டு அழுத்து. தொடர்ச்சியா மூணு எடு, முதல் படத்துல விரல் அழுத்தற ஆட்டம் இருக்கும், பெரும்பாலும் நடுப்படம் நல்லா வரும்

சித்தி: என் போன்ல எடுக்கறதுக்கும் சொல்லுடி

அக்கா: முதல்ல லென்ஸைத் துடைங்க சித்தி, எண்ணெய்க்கை பட்டா பல்ப் எல்லாம் புகை மாதிரி வரும். ஜூம் பண்ணாதீங்க, ஒண்ணு எக்ஸ்லயே வச்சு கிட்ட போங்க. நைட் மோடு பொம்மைக்கு மட்டும். அது பல படத்தை எடுத்து ஒண்ணா சேக்கும், ஆள் இருந்தா மூஞ்சி குழம்பிடும். பாடறவங்களுக்கு ப்ரோ மோடுல ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 800

தம்பி: (படம்)

தம்பி: 50 எம்எம், எஃப் 2.2, 1/100, 1600. பல்ப் இப்ப புள்ளியா இருக்கு

திருச்சி மாமா: பல்ப் சரி. சித்தி கண்ணைப் பெருசாக்கிப் பாத்தியா? போகஸ் மூக்குத்தியில உக்காந்திருக்கு. இன்னொண்ணு எடு, இந்தத் தடவை புள்ளியைக் கண்ணுல வச்சு. அனுப்பறப்ப டாக்குமெண்ட்டா அனுப்பு, இங்க படமா போட்டா சுருக்கிடும்