கழிவுநீர்க் குழியில் வெள்ளை மணி: கொசு, பூச்சி ஆராய்ச்சிக்காரர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தென்பெண்ணை

எங்கள் ஊர் திருக்கோவிலூர் பக்கம். தொண்ணூறுகளில் மதுரையில் உள்ள மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்திலிருந்து யானைக்கால் ஆராய்ச்சிக்கு வந்தவர்களை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுப்பார்கள். சில ஊர்களில் கழிவுநீர்க் குழியில் தெர்மாகோல் மணியும் கொட்டுவார்கள். எங்கள் ஊரில் கொட்டினார்கள்.

ஜவ்வரிசி அளவு மணி. குழித் தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும். கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாது, கொசுவுக்கு முட்டையிடத் தண்ணீர் கிடைக்காது. மருந்தும் இல்லை, நாற்றமும் இல்லை.

மறுநாள் வேலைக்கென்று ஒரு மூட்டையை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளி ஆண்டு விழாவில் இமயமலை நாடகம். பனிக்கு அதிலிருந்து இரண்டு படி எடுத்தோம், நானும் இன்னொருத்தனும். மணி பற்றாமல் தெருக்கோடியில் ஒரு வீட்டுக் குழி விட்டுப்போனது. சில வாரம் கழித்து அவர்களில் மூத்தவர் ஒருவர் வெள்ளை அகப்பையோடு குழி குழியாக மொண்டு பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிக் குழியில் மொண்டதை வெயிலுக்கு நேராகத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். “பாரு தம்பி, எல்லாம் தலைகீழா தொங்குது. வால் பக்கமாத்தான் மூச்சு விடும்.” நூற்றுக்கணக்கில் நெளிந்தது. இந்த வீட்டுக்கு ஏன் மணி வரவில்லை என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நோட்டில் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

மாத்திரை மட்டும் கொடுத்த ஊரையும், மாத்திரையோடு கொசுவையும் கட்டுப்படுத்திய ஊரையும் ஒப்பிடுவதுதான் அந்த ஆராய்ச்சியே என்று பெரியவன் ஆன பிறகு ஒரு கட்டுரையில் படித்தேன். கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில் நோய் பரவுவது நன்றாகக் குறைந்திருந்தது. மதுரை மையத்தை ஆரம்பத்திலிருந்து நடத்திய ரேச்சல் ரூபனின் பெயர் அந்தக் கட்டுரையில் முதலில் இருக்கிறது. மூளைக்காய்ச்சல் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுக்களை இனம் பிரித்தறியப் படங்களோடு 1994-இல் வந்த வழிகாட்டியிலும் அவர் பங்கு உண்டு. அவரைப் பற்றிய குறிப்புகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அந்த அகப்பைதான் கண்ணில் நிற்கிறது.

கடற்கரைச்சாலை

மதுரைக்கு முன்பே புதுச்சேரி இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். கொசு ஆராய்ச்சி மையம் இங்கே 1975-இல் வந்தது. 1990 வரை தலைமையில் இருந்தவர் பி.கே. ராஜகோபாலன், பத்மஸ்ரீ வாங்கியவர். அதற்கு முன் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்காக ஷிமோகா காட்டில் குரங்குக் காய்ச்சல் உண்ணிகளோடு அலைந்தவர். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் யானைக்காலுக்காக நடந்த வேலையில், மருந்தை மட்டும் நம்பாமல் சாக்கடை தேங்கும் இடங்களையே சரி செய்தார்கள்.

அந்த வருஷங்களில்தான் எங்கள் திண்ணையில் ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கையில் டார்ச், வாயில் உறிஞ்சும் குழாய். காலில் கொசு உட்கார்ந்ததும் குழாயில் இழுத்து, வலை கட்டிய காகிதக் கோப்பைக்குள் ஊதுவார். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிக் கோப்பை.

எங்கள் ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். வாசல் பக்கமே வராது. யாராவது வந்தால் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு அடுப்படியில் இருந்துவிடும். அன்று பதினொரு மணிக்கு மேல் எழுந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையை விலக்கிக் காலை அவர் காலுக்குப் பக்கத்தில் நீட்டியது. “உனக்கும் இப்படி வந்துட்டா?” என்று கேட்டது. அவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “கடிக்கறதுக்குள்ள புடிச்சிடுவேன் ஆயா” என்றார். பிறகு ரெண்டு பேரும் விடியற்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை ஒருத்தரும் அந்தக் கால் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. நானும் உட்கார்ந்ததில்லை.

குச்சிக்கிழங்குக்காடு

எல்லாரும் கொசுவே எழுதறீங்க. பயிர்ப்பூச்சி ஆராய்ச்சிக்காரங்களையும் சேத்துக்குங்க.

பவானிக்கு மேக்கே எங்க காடு. பப்பாளி மாவுப்பூச்சி 2008 ஜூலைல கோயமுத்தூர்ல மொதல்ல தெரிஞ்சுது. ரெண்டே வருசத்துல பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாம் வெள்ளை பூத்து நின்னுச்சு. பட்டுப்புழுவுக்குத் தழை இல்லாம ஷெட்டைப் பூட்டுனவங்க உண்டு. நாங்க மாத்தி மாத்தி மருந்து அடிச்சோம். மேல மெழுகு மாதிரி மாவு இருக்கறதால உள்ள ஏறவே இல்லை. 2010 ஜூலைல போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டாந்தாங்க, அசெரோபேகஸ் பப்பாயேன்னு பேரு. பெங்களூர் பூச்சி நிலையத்துல பெருக்கி, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் மூலமா காட்டுக்குக் காடு விட்டாங்க.

எங்க காட்டுக்கு ஒரு விஞ்ஞானி அம்மா குப்பியோட வந்தாங்க. பஸ்ல வந்து, மெயின் ரோட்டுலயிருந்து நடந்தே வந்தாங்க. குப்பி வெயில் படாம சோத்துப் பையில. நான் முந்தின நாள் சாயங்காலந்தான் மருந்து அடிச்சிருந்தேன். அடிச்சீங்களான்னு கேட்டதுக்கு இல்லைன்னுட்டேன். அவங்க ஒரு இலையைக் கிள்ளி மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லாம, திறக்கப் போன குப்பியை மறுபடி பைக்குள்ள வெச்சுட்டாங்க. “இன்னைக்கு விட்டா அத்தனையும் செத்துப்போயிருங்க. இருபது நாள் மருந்து தொடாம இருங்க, நானே வர்றேன்.” குப்பி பக்கத்துக் காட்டுக்குப் போயிருச்சு.

சொன்ன மாதிரியே வந்தாங்க. நான் பொய் சொன்னதைப் பத்திப் பேச்சே எடுக்கலை. மூணாம் தடவை வந்தப்போ லென்ஸை என் கையில குடுத்து, ஊதிப்போன ஒரு மாவுப்பூச்சியைக் காட்டுனாங்க. முதுகுல ஊசி குத்தின மாதிரி வட்டமா ஓட்டை. குளவி உள்ள வளந்து வெளிய வந்த வழி. அந்த வருசமே குருத்து பச்சையா வந்துருச்சு. அவங்க பேரைக் கேக்காம விட்டுட்டேன். அது மனசுல கெடக்குது.

பழைய_சுகாதார_ஆள்

கடற்கரைச்சாலை எழுதியதில் ஒன்றை ஏற்க முடியவில்லை. மனிதக் காலைத் தூண்டிலாக வைப்பதைப் பெருமையாக எழுத வேண்டாம். விஞ்ஞானி தானாக விரும்பி உட்கார்ந்திருக்கலாம். பல இடங்களில் உட்கார்ந்தது தினக்கூலி ஆட்கள். அவர்களைப் பற்றி எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் ஒரு வரி வராது.

என் அனுபவம் சின்னது. சென்னையில் மலேரியாப் பிரிவில் சேர்ந்த புதிது. ஆய்வுக்கு வந்த பெரியவர் ஒருவர், நான் “புழு இல்லை” என்று எழுதிய மொட்டைமாடித் தொட்டியைத் தானே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, “டார்ச் அடிச்சா அது கீழே போயிடும். நிழல் விழாம நின்னு கொஞ்ச நேரம் காத்திருந்து பாருங்க” என்றார். நகரத்தில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்வது. அந்தத் தொட்டியில் இருந்தது. அதற்குமுன் எத்தனை தொட்டிக்கு “இல்லை” எழுதினேனோ.

மழைக்காலம் வருகிறது, அதனால் இதையும் படித்துவிடுங்கள். டெங்குக் கொசுவான ஏடிஸ் சாக்கடையில் வளர்வதல்ல, வீட்டு நல்ல தண்ணீரில் வளர்வது. தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் உள்சுவரைத் தேங்காய்நாரோ பிரஷோ போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி எல்லாம் பாருங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள், ஓரம் இடைவெளி இல்லாமல். புகை அடித்தால் போதும் என்று வார்டு உறுப்பினரை விரட்டாதீர்கள். புகையில் சாவது பறக்கிற கொசுதான், புழு அப்படியே இருக்கும். இந்தக் கொசு பகலில் கடிக்கும், ஆகவே ராத்திரிக் கொசுவலையை மட்டும் நம்பாதீர்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

வன்னிக்காரன்

ஐயா சொன்ன அந்தத் தினக்கூலி ஆட்களைப் பற்றி நானும் யோசிச்சிருக்கிறன். எங்கட பக்கம், இலங்கை வன்னியில, தூண்டில் மாடு. வலைக்கூடாரத்துக்குள்ள இரவு மாட்டைக் கட்டிவிட்டு, விடிய முதல் உள்ளுக்குப் போய் கொசுவைக் குழாயில் பிடிப்பினம். எங்கட சிவப்பிதான் அந்த மாடு.

மலேரியா எண்டால் எங்கட ஆக்களுக்குச் சும்மா சொல் இல்லை. 1934-35-இல் இலங்கையில் செத்தது எண்பதாயிரம் பேரளவில். மழை பொய்ச்சு ஆறுகள் குட்டை குட்டையாய் நிண்டதுதான் காரணம், அங்க மலேரியா பரப்பிற அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு அந்தக் குட்டைதான் தொட்டில். டிடிடி பூச்சிமருந்து வந்து, 1963-இல் முழு இலங்கைக்கும் பதினேழு பேர் எண்ட அளவுக்கு இறங்கி, கண்காணிப்புத் தளர அறுபதுகளின் கடைசியில் திரும்பப் பெருகிப்போச்சு.

யுத்த காலத்தில் எங்களிட்ட வந்த பூச்சியியல் அலுவலர் சைக்கிளில்தான் வாறவர். பெற்றோல் ஏது? கோப்பைகளை ஈரச்சீலையால் சுத்திக் கரியரில் கட்டியிருப்பார். ஒரு நாள் அப்பா, பயத்தில, இனி வரவேண்டாம், இரவில் டோர்ச் அடிச்சால் எங்களுக்குத்தான் வில்லங்கம் எண்டு சொல்லிப்போட்டார். அவர் படலைக்கு வெளியில் நிண்டு, “சரி அண்ணை, டோர்ச்சை விடுவம். விடிஞ்ச உடன வாறன், வலையை மட்டும் அவிழ்க்காமல் வையுங்கோ” எண்டார். அடுத்த நாள் வந்தார். நான் வலையை அவிழ்த்துப்போட்டன், அப்பா சொல்லி. வெறும் கோப்பையோடதான் திரும்பினவர்.

2012-க்குப் பிறகு மூண்டு வருசத்துக்கு மேல உள்ளூரில் தொற்றின மலேரியா இருக்கேல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடெண்டு சான்று குடுத்த செய்தியைத் தொலைக்காட்சியில் பாத்தனான். அந்த மனிசனுக்கு அது தெரிஞ்சிருக்குமோ, உயிரோட இருக்கிறாரோ எண்டதுதான் முதல் நினைப்பு.

கடற்கரைச்சாலை

@பழைய_சுகாதார_ஆள் நீங்கள் சொன்னது நியாயம். எங்கள் திண்ணையில் உட்கார்ந்தவர் விஞ்ஞானியா உதவியாளரா என்று நான் கேட்டதே இல்லை. ஆயா கேட்டிருக்கும். அது போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

குச்சிக்கிழங்குக்காடு

தென்பெண்ணை அண்ணா, அந்த மணியைத் திருப்பிக் குடுத்தீங்களா? நீங்க எடுத்ததைப் பின்னால அவர்கிட்டச் சொன்னீங்களா?

தென்பெண்ணை

நாடகம் முடிந்து மேடையைப் பெருக்கி, மண்ணும் மணியுமாக ஒரு சாக்கில் கட்டி வைத்தோம். அதைக் கொண்டுபோய் அந்தக் கடைசி வீட்டுக் குழியில் நாங்களே கொட்டினோம், அவர் அகப்பையில் காட்டியதற்கு மறுநாள். மண் கீழே போய்விட்டது, மணி மட்டும் மிதந்தது. குழி முழுக்க மூடவில்லை. பாதிதான் மூடியது. அவரிடம் சொல்லவில்லை.