இரவில் ஓயாத கால்: துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கர்ப்பிணித் தாய்மாருக்கான இரத்தச்சோகைத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து ‘ரெஸ்ட்லஸ் லெக்ஸ் சின்ட்ரோம்’ மட்டும் நிற்கிறது. முந்திய வரைவில் ‘அமைதியற்ற கால்கள் நோய்க்குறித்தொகுதி’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். மலையிலிருந்து தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து கிளினிக் வாங்கில் உட்காருகிறவர் இந்தத் தலைப்பைத் தாண்டி வாசிப்பாரா? ஒரு சொல் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.

யாழ்ப்பாண வைத்தியர் எழுதியது:

சொல்லுக்கு முன்னம் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். காலை அசைக்க வேணும் என்ற அடக்கமுடியாத உந்தல்தான் இதில் முதன்மை. இருந்தால், படுத்தால் கூடும். எழும்பி நடந்தால் குறையும். பின்னேரத்துக்குப் பிறகும் இரவிலும் மோசம். இது குரக்கு அல்ல. குரக்கு வந்தால் கெண்டைச்சதை கல்லாக இறுகி உயிர் போகும். இதில் சதை இறுகாது, சிலருக்கு வலியே இராது. 1672இல் தோமஸ் வில்லிஸ் இதை எழுதிவைத்தார். 1945இல் சுவீடன் வைத்தியர் எக்பொம் விரிவாக விவரித்து, இப்போதைய ஆங்கிலப் பெயரையும் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கு: ‘கால் அந்தரம்’. அந்தரம் என்றால் எங்களுக்கு இருப்புக்கொள்ளாத நிலை.

மஸ்கெலியா தாதி எழுதியது:

டொக்டர், அந்தரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அந்தரத்தில் தொங்குவதுதான். ‘கால் உளைவு’ என்றும் சொல்லிவிடாதீர்கள், அதுவும் உங்கள் பக்கத்துச் சொல். இங்கே வருகிறவர்கள் சொல்வது இப்படி: “படுத்தா காலு தரிக்க மாட்டேங்குது மிஸ்”, “எலும்புக்குள்ள என்னமோ ஊருது”, “கொடையுது, ஆனா வலி இல்ல”. ஒரு அம்மா ஏழாம் மாதத்தில், இரவெல்லாம் இஸ்தோப்பில், அதுதான் வீட்டு முன்திண்ணையில், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பாராம். களைத்தால் கெண்டைக்காலில் பழைய சேலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறும் சீமெந்துத் தரையில் காலை நீட்டுவாராம். லயத்தில் எல்லாரும் பேய் பிடித்திருக்கிறது என்றார்களாம். எனக்கு வேண்டியது, அவர் வாசித்ததும் “ஆமா, இதுதான்” என்று சொல்கிற சொல்.

பதுளை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தமிழில் சொல் இல்லை என்று தவிப்பவர்கள் திருக்குறளைத் திறந்து பார்க்கலாம். ‘கண்விதுப்பழிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. விதுப்பு என்றால் நடுக்கம், விரைவு, வேட்கை. வைத்தியர் சொன்ன உந்தலும் பதைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. எனவே ‘கால்விதுப்பு’. இது போதாதென்றால் தொல்காப்பியர் தருகிறார்: “அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி”. அலமரல் என்பது நின்ற இடத்தில் நிற்கமாட்டாத மனச்சுழற்சி. ‘கால் அலமரல்’ என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்னும் பாருங்கள்: தினவு. போர் கிடைக்காத வீரனுக்குத் தோள் தினவெடுக்கும் என்கிறோம். அது தோலின் அரிப்பு அல்ல, அசைந்தால் மட்டுமே தீரும் அவா. ‘கால் தினவு’ என்றும் எழுதலாம்.

மஸ்கெலியா தாதி எழுதியது:

சேர், கால் தினவு என்று எழுதினால் சொறிக்குப் பூசுகிற களிம்பு கேட்டு வரிசையில் நிற்பார்கள். விதுப்பை விதைப்பு என்று வாசிப்பார்கள்.

பண்டாரவளைப் பட்டதாரி எழுதியது:

‘ஓயாக்கால்’? ஓயாத கால், அவ்வளவுதான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பொய்யா விளக்கு மாதிரி. சேருக்கும் பிடிக்கும், நர்ஸ் அக்காவுக்கும் விளங்கும்.

பதுளை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நல்ல முயற்சி. ஆனால் தமிழ் படித்தவன் அதை ‘ஓயாதபோது’ என்றுதான் வாசிப்பான். ‘-ஆக்கால்’ எதிர்மறை வினையெச்சம். அதே அதிகாரத்தில் பாரும்:

வாராக்கால் துஞ்சா வரின்துஞ்சா ஆயிடை
ஆரஞர் உற்றன கண்.

அவன் வராதபோதும் தூக்கமில்லை, வந்தாலும் தூக்கமில்லை. நம் நோயாளியின் நிலையும் ஏறக்குறைய இதுவே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹட்டன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சேர், குறளை நானும் ரசித்தேன். ஆனால் இன்று புதன்கிழமை. சேரே முதல் வரியில் ‘தவிப்பவர்கள்’ என்று எழுதினீர்களே, ‘கால் தவிப்பு’ என்று வைத்தால் என்ன? தாகத்துக்குத் தவிப்பது, வழி தெரியாமல் தவிப்பது எல்லாம் எங்கும் புழக்கத்தில் உள்ளவை. பாலன்ஸ் சரியாக இருக்கிறது: தேவையும் இருக்கிறது, நிலைகொள்ளாமையும் இருக்கிறது.

பதுளை ஆசிரியர் எழுதியது:

கால் + தவிப்பு. வேற்றுமைப் புணர்ச்சியில், வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். கல்+தூண் கற்றூண் ஆனது போல இது ‘காற்றவிப்பு’ ஆகும். படிப்பவர் அதைக் காற்று+அவிப்பு என்று பிரித்தால் பொறுப்பு யாருடையது?

கண்டி வாசகர் எழுதியது:

யார் சேர் புணர்த்தச் சொன்னது? இடம் விட்டு எழுதுவோம்.

பதுளை ஆசிரியர் எழுதியது:

இடம் விட்டால் இலக்கணம் விட்டுப்போகுமா? சித்திரைக்குப் பத்திரிகைகள் பாற்சோறு என்றுதானே அச்சிடுகின்றன!

கண்டி வாசகர் எழுதியது:

அச்சில் பாற்சோறு, அடுப்பங்கரையில் பால்சோறு.

யாழ்ப்பாண வைத்தியர் எழுதியது:

மானிப்பாயில் அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த 19ஆம் நூற்றாண்டில் உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்று பெயர். அந்தச் சொல்லிலே படித்து வைத்தியரானவர்கள் இருந்தார்கள். இன்று அதைக் கேட்டால் பாதத்தில் வரும் நோயோ என்பார்கள். ஆகவே எந்தச் சொல்லும் நிரந்தரமில்லை, சண்டையைக் குறையுங்கோ. ‘நோய்க்குறித்தொகுதி’ என்ற வாலை மட்டும் துண்டுப்பிரசுரத்தில் வெட்டிவிடுங்கோ. மருத்துவக் கடிதங்களில் அது இருக்கட்டும்.

சொல்லைவிட முக்கியம், கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது. வரைவில் ஒரு குறை கண்டேன். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். அதனால் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்தில் பார்க்க வேணும். இந்த நோயில் அது லீற்றருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பது வழக்கம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது கூடுதலாக வரும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் தானே அடங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வரும். தடிமனுக்குப் போடுகிற, தூக்கம் வரவைக்கும் குளிசைகளும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதைக் கூட்டும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போட வேண்டாம் என்று கட்டாயம் எழுதுங்கோ.

மஸ்கெலியா தாதி எழுதியது:

டொக்டர் சொன்னதோடு சாயத்தண்ணியையும் சேருங்கள். இரும்புக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பை உடலில் சேரவிடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணிநேரம் தேநீர் வேண்டாம், தண்ணீரில் போடுங்கள், கூடவே தோடம்பழமோ கொய்யாவோ இருந்தால் நல்லது. இரவுத் தேநீரை நிறுத்தினாலே சிலருக்குக் கால் அடங்குகிறது. படுக்கப் போகுமுன் கெண்டைக்காலை நீட்டி மடக்குவது, உருவிவிடுவது, வெந்நீர் ஊற்றுவது எல்லாம் எழுதலாம். தேயிலை விளைகிற ஊரில் தேநீர் குடிக்காதே என்று அச்சடிப்பதற்குத் தோட்டத்தில் என்ன சொல்வார்களோ, அது வேறு கதை.

பண்டாரவளைப் பட்டதாரி எழுதியது:

‘தரியாக்கால்’ என்று ஒன்று தோன்றுகிறது. பஸ் தரிப்பிடம் என்று ஊரே சொல்கிறதே, தரிப்பு எல்லாருக்கும் தெரியும்.

கண்டி வாசகர் எழுதியது:

பஸ் நிற்காத இடமா என்று கேட்பார்கள். அத்தோடு மறுபடியும் அந்த ‘-ஆக்கால்’.

ஹட்டன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு ‘கால் தவிப்பு’, இடம் விட்டு. அதன் கீழே சிறிய எழுத்தில் “படுத்தா காலு தரிக்க மாட்டேங்குதா?”. எதிர்த்தவர்கள் இரண்டு பேர், மீதிப்பேர் களைத்துப்போனார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தேநீர்ப் பத்தியை மேலே கொண்டுவந்துவிட்டேன். ஃபெரிட்டின் விஷயத்தை தாய்மாருக்கு எழுதாமல் வைத்தியர்களுக்குப் போகும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாண வைத்தியர் எழுதியது:

நல்லது. ஆனால் என் மாணவர்களுக்கு நான் அந்தரம் என்றுதான் சொல்லுவன்.

பதுளை ஆசிரியர் எழுதியது:

அச்சகம் திறந்திருக்கும்வரை என் மறுப்பு நிற்கிறது. விதுப்பு.