ரேடியேட்டரைப் பின்னால் மாற்றிய ஜிப்சி: சூடு ஏறினால் எங்கே பார்ப்பது

சேற்றுச்சக்கரம்:

கோவாவில் 2014-ல் மழைக்காலத்தில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரிச் சேற்றுப்பாதைப் போட்டிகளுக்குத் தயாராகும் மாருதி ஜிப்சிகளில் ரேடியேட்டரைப் பின்னால் ஏற்றுவது வழக்கம். முன்னால் இருந்தால் செம்மண் சேறு அதன் மெல்லிய தகடுகளின் இடுக்கில் இறுகிவிடும். மாற்றுவதில் தவறில்லை. மாற்றிய வண்டி சூடாகிறது என்றதும் இன்னும் பெரிய ரேடியேட்டர் வாங்குவதுதான் வீண் செலவு. நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு ரேடியேட்டரில் இல்லை, எஞ்சின் ஹெட்டில் நின்றுபோன ஏரில்தான் (காற்றுக்குமிழியில்தான்).

கம்பெனி அமைப்பில் ரேடியேட்டர் மூடிதான் ஏறக்குறைய உயரமான இடம். ஏர் தானாக அங்கே வந்து சேர்ந்துவிடும். பின்னால் மாற்றும்போது பைப் சேஸிஸ் வரை இறங்கி, ஓடி, மறுபடி ஏறுகிறது. இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். முன்மேடு தெர்மோஸ்டாட் வீடு, அதாவது சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வின் கூடு. அங்கே மாட்டிய ஏருக்குப் போக வழியே இல்லை.

அடையாளம்: ஐட்லிங்கில் ஊசி நடுவில் நிற்கும், ஏற்றத்தில் சட்டென்று ஏறும், ஹீட்டரைத் திறந்தால் குளிர்காற்று வரும். இதைவிட ஆபத்தானது ஊசி ஏறாமலே இருப்பது. சென்சார் முனை கூலன்ட்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில்) மூழ்காமல் ஏரில் நின்றால் குறைவாகத்தான் காட்டும். ஹெட் வளைந்த பிறகுதான் தெரியவரும்.

தீர்வு, எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒன்றரை முதல் 2 லிட்டர் கொள்ளும் அலுமினிய டேங்க். ஏர் அங்கே வந்து சேரும். பிரஷர் மூடி அதில் மட்டும்தான், 0.9 பார். ரேடியேட்டரில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு வால்வு இல்லாத மூடி போட வேண்டும். தெர்மோஸ்டாட் வீட்டின் உச்சியிலிருந்து ஒரு 8 மி.மீ. ஹோஸ், ரேடியேட்டரின் மேல் மூலையிலிருந்து இன்னொன்று, இரண்டும் டேங்க்கின் மேற்பகுதிக்கு. டேங்க்கின் அடியிலிருந்து 16 முதல் 19 மி.மீ. ஹோஸ் வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு. இந்த அடிக்குழாயைச் சூடான பக்கத்தில் இணைத்தால் பம்ப் டேங்க்கை நிரப்பி மூடி வழியாகத் தள்ளிவிடும். இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன்.

நாலுக்குநாலு:

சேற்றுச்சக்கரம் அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். டேங்க்கை பானட்டுக்குள் வைத்தால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டரின் தலை பானட்டை விட உயரமாக இருந்தால், மூடியைத் திறந்ததும் முன்னால் வழியும், பின்னால் ரேடியேட்டர் காலியாகும். அப்படிப்பட்ட வண்டியில் டேங்க் ரோல்கேஜின் (வண்டி கவிழ்ந்தால் ஆட்களைக் காக்கும் குழாய்ச் சட்டத்தின்) மேல் குழாயில்தான் ஏற வேண்டும், ஆட்கள் பக்கம் தகடு அடைத்து.

பைப் கணக்கு: 32 மி.மீ. உள்விட்டமுள்ள பைப் மீட்டருக்கு 0.8 லிட்டர் பிடிக்கும். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் 4.8 லிட்டர் கூடுதல். சரிபாதி கலந்த கூலன்ட் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 5 சதவீதம் விரியும். மொத்தம் 10 லிட்டர் என்றால் அரை லிட்டர். டேங்க்கில் 1 லிட்டர் காலியிடம் விட்டால் நிம்மதி.

ஹார்டுவேர் கடை ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு கூலன்ட்டோடு சேர்ந்து சகதி கட்டும், அது ரேடியேட்டர் டியூபில் போய் அடையும். அலுமினியம் அல்லது 304 ஸ்டெயின்லெஸ், 1.5 மி.மீ. தடிமன். முனையில் பட்டறையில் சொல்லி விளிம்பு மேடு உருட்டிக்கொள்ளுங்கள், ஹோஸ் அதைத் தாண்டி 30 மி.மீ. ஏறட்டும். வெட்டி ஒட்டிய முழங்கை வேண்டாம், வளைத்த பைப்தான். பம்ப் உறிஞ்சும் பக்க ஹோஸுக்குள் ஸ்பிரிங் அவசியம். இல்லையென்றால் 4,000 ஆர்பிஎம்மில் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பானட்டைத் திறந்து ஐட்லிங்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒயர்மேன்:

ஃபேன் பக்கத்தை யாரும் தொடவில்லை. எஞ்சினோடு சுற்றிய ஃபேன் போய்விட்டது, கேபினுக்குப் பின்னால் எதிர்க்காற்றும் இல்லை. எல்லாமே மின்சார ஃபேனை நம்பித்தான். 12 அங்குல ஃபேன் இரண்டு ஓடினால் சுமார் 20 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 4 மீட்டர் போனால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.35தான். ஃபேன் ஓடும்போது அதன் பிளக்கிலேயே அளந்து பாருங்கள், 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஒயரோ ஆல்டர்னேட்டரோ போதவில்லை. ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

எர்த்தை ரேடியேட்டரில் முடுக்காதீர்கள், பேட்டரிக்கே தனி ஒயர் இழுங்கள். ரேடியேட்டர் வழியே மின்சாரம் ஓடினால் அலுமினியத்தில் ஊசித்துளை விழும். மல்டிமீட்டரின் நெகட்டிவை பேட்டரி நெகட்டிவில் வைத்து, பாசிட்டிவ் முனையைக் கூலன்ட்டில் தோய்த்து, ஃபேனைப் போடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் எங்கோ தப்பு.

காற்று திரும்பிவருவது இன்னொரு தலைவலி. ஃபேன் தள்ளும் வெப்பக்காற்று பின்கதவில் மோதி, ஓரமாகச் சுற்றி மறுபடி ரேடியேட்டர் முகத்துக்கே வரும். முகத்துக்கு முன்னால் தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். வெளிக்காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் காட்டினால் திரும்பிவருகிறது. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு, உள்ளே வரும் காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ கூலன்ட்டும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். ஓரம் முழுக்க ஃபோம் வைத்துத் தகடு அடைத்தால் செலவு கொஞ்சம், பலன் அதிகம். ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு தாள் போதும்: காற்று நுழையும் முகத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

சேற்றுச்சக்கரம்:

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். திறக்கும்போதே பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாமல் பம்ப்புக்குத் திரும்பும் குறுக்குவழியை) மூடும் வகையாக இருந்தால், அதை எடுத்ததும் சூடான கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பம்ப்புக்கே திரும்பும். முதல் சில நிமிடங்களில் ஊசி ஏறி இறங்குவது இயல்பு, பைப்பில் நின்ற குளிர்ந்த கூலன்ட் வந்து தெர்மோஸ்டாட்டை மறுபடி மூடிவிடும். விளிம்பில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, அது மேலே வருகிற மாதிரி மாட்டினால் ஆட்டம் குறையும்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் அலுமினியத்தில் லேசர் தெர்மாமீட்டர் மிகக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் 6 முதல் 12 டிகிரி வித்தியாசம் சரி. 20ஐத் தாண்டினால் ஓட்டம் குறைவு. எஞ்சின் கொதிக்கிறது, வித்தியாசம் 5 கூட இல்லை என்றால் காற்றுப் பக்கம் பாருங்கள்.

நாலுக்குநாலு:

நிரப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, டேங்க்தான் உச்சி என்று உறுதிசெய்து, மெதுவாக ஊற்றுங்கள். கூலன்ட்டில் கலக்க டிஎம் வாட்டர் (தாது நீக்கிய தண்ணீர்), போர்வெல் தண்ணீர் அல்ல. ஐட்லிங்கிலும் 2,000 ஆர்பிஎம்மிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், திரும்பும் பைப் கை வைக்க முடியாத அளவு சூடாகும் வரை. ஊற்றியதைக் குறித்துவையுங்கள். கணக்குப்படி 10 லிட்டர், போனது 8 என்றால் மீதி 2 லிட்டர் ஏர் உள்ளே இருக்கிறது. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் மட்டம் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டேங்க்கில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிவிட்டால், அது ஏர்லாக் இல்லை. ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய், எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. நீலத் திரவச் சோதனைக் குப்பியை டேங்க் வாயில் வையுங்கள், மஞ்சளாக மாறினால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.